ஏழாம் போத்தல்

வெள்ளவத்தை, கொழும்பு
20.10.2024

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமாக வந்து சேர்ந்துவிட்டேன். நீங்களும் அத்தானும் எப்படி இருக்கிறீர்கள்? முழங்கால் வலி குறைந்ததா? பிள்ளைக் காம்பராவில் கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளைப் பார்க்கும்போது குழந்தைகளோடு குழந்தையாக ஈரத் தரையில் உட்காராதீர்கள், பலகை போட்டு உட்காருங்கள்.

றொசல்லயிலிருந்து கொழும்புக் கோட்டை ஸ்டேஷன் வரைக்கும் போத்தல் பெட்டியை மடியை விட்டு இறக்கவில்லை. பக்கத்தில் இருந்த அம்மா "கேக்கா மக?" என்று கேட்டார். ஆமென்று சொல்லிவிட்டேன். ஆய்வுகூடத்தில் வந்து திறந்தால், போத்தல்கள் அத்தனையும் சந்தனமும் குங்குமமுமாக நிற்கின்றன! எங்கள் பேராசிரியர் மெடம் சிரித்த சிரிப்பு இருக்கிறதே. "இவங்களும் சரஸ்வதி பூஜைக்குப் போனாங்களா?" என்றார். பெட்டியை நானே கட்டித் தருகிறேன் என்று நீங்கள் அடம்பிடித்தபோதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். நான் ஹட்டனுக்குப் போகும் நேரம் பார்த்திருந்து செய்திருக்கிறீர்கள்.

குங்குமம் பட்டுச் சில போத்தல்களில் இலக்கம் அழிந்துபோய்விட்டது. பாவம், கூட ஆராய்ச்சி செய்யும் நிலக்ஷி, என்னோடு உட்கார்ந்து எல்லாவற்றையும் துடைத்துப் புது லேபல் ஒட்டினாள். ஆய்வுகூடத்துக் குளிரூட்டியையும் திருத்திவிட்டார்கள். இனிப் போத்தல்கள் சூடேறாமல் இருக்க அவற்றை மலைக்குத் தூக்கிவரும் வேலை இல்லை.

ஒன்று மட்டும் கேட்க வேண்டும். போத்தல்களில் தண்ணீர் ஏதும் படவில்லையே? என் வேலைக்குத் தண்ணீர்தான் எதிரி. போனில் கேட்டால் லயத்தில் வரிசையாக இருக்கும் அத்தனை காம்பராவும் காது கொடுக்கும். தேயிலைத் தோட்டத்து ஆபீசுக்குக் கடிதம் போட்டால் அது எந்த மேசையில் தூங்குமோ. அதனால் வழக்கம்போல வட்டவளை அன்ஸார் நானாவின் கடை முகவரிக்கு அனுப்புகிறேன்.

அன்புத் தங்கை
கிருஷாந்தி


றொசல்ல
29.10.2024

என் செல்லத் தங்கச்சி கிருஷாவுக்கு,

இங்கே நாங்கள் எல்லோரும் மாரியம்மன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். முழங்கால் இருக்கிற இடத்தில் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசாதே. நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

பொட்டு வைத்ததற்கு இவ்வளவு பெரிய கடிதமா? உன் புத்தகமெல்லாம் கொழும்பில் கிடந்தது. பூஜைக்கு வைக்க ஒரு கொப்பிகூட நீ கொண்டு வரவில்லை. படிக்கிற பிள்ளையின் வீட்டில் சாமி முன்னால் வெறும் தட்டையா வைக்கச் சொல்கிறாய்? உன் படிப்பு அந்தப் போத்தலுக்குள்தான் இருக்கிறது என்று நீதானே சொன்னாய், அதனால் அதை வைத்தேன். அத்தான் தேயிலைச் செடி வெட்டும் தன் கவ்வாத்துக் கத்தியை வைத்தார். கத்திக்குப் பொட்டு வைக்கலாம், போத்தலுக்கு வைக்கக்கூடாதா?

தண்ணீர் ஊற்ற நாங்கள் என்ன பைத்தியமா? நீ படித்துப் படித்துச் சொல்லிவிட்டுத்தானே போனாய். வீணாகப் பயப்படாதே.

தீபாவளிக்கு நீ வர முடியாதது அத்தானுக்குத்தான் கவலை. முறுக்கு அனுப்புகிறேன். அந்த நிலக்ஷிப் பிள்ளைக்கும் கொடு, போன தரம் நம் வீட்டில் வந்து வெட்கப்படாமல் வாங்கிச் சாப்பிட்டது, எனக்குப் பிடித்துப்போயிற்று. அந்தப் போத்தலுக்குள் என்னதான் இருக்கிறது என்று அத்தான் கேட்கிறார். எனக்கும் தெரியவில்லை. புரிகிற மாதிரி எழுது.

உன் அக்கா
சண்முகவடிவு


வெள்ளவத்தை
24.11.2024

அன்புள்ள அக்காவுக்கும் அத்தானுக்கும்,

இருவரும் நலம்தானே? நான் நலம் என்று எழுதினால் போதாது. கால் தரையில் படவில்லை.

முதலில் போத்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். எண்ணெயும் தண்ணீரும் சேராது. குலுக்கினால் பால் மாதிரி வெளுக்கும், விட்டால் பிரிந்துவிடும். ஆனால் சவர்க்காரம் மாதிரி ஒன்றைச் சரியான அளவில் சேர்த்தால், ஒன்று மற்றதற்குள் கண்ணுக்கே தெரியாத பொடித் துளிகளாகப் போய்ப் புகுந்துகொள்ளும். குலுக்கக்கூடத் தேவையில்லை, தானாகவே நடக்கும். போத்தல் கண்ணாடி மாதிரித் தெளிவாக இருக்கும், பிரியவும் பிரியாது. இதற்கு நுண்குழம்பு என்று பெயர். நான் இதில் தண்ணீரை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக அயன் திரவம் என்ற ஒன்றைப் போடுகிறேன். அது உப்பு இனம். ஆனால் நம் உப்பு மாதிரிக் கட்டியாக இராது, அறைச் சூட்டிலேயே திரவமாக இருக்கும். வற்றாது, மணக்காது. தண்ணீரிலும் எண்ணெயிலும் கரைய மறுக்கிற சில மருந்துகள் இதில் கரையும். அவற்றைத் தோல் வழியாக உடம்புக்குள் அனுப்பலாமா என்பதுதான் எங்கள் மெடத்தின் கனவு.

இதில் ஒரு தொல்லை. குளிர் கூடினால் நுண்குழம்பு கலங்கிப்போகிறது. கலங்கினால் மருந்துக்கு உதவாது. அதனால் எல்லாப் போத்தல்களையும் மெல்ல மெல்லக் குளிரவைத்துப் பார்த்தோம். ஆறாம் போத்தல், ஏழாம் போத்தல், எட்டாம் போத்தல் மூன்றிலும் ஒரே கலவை. ஆறு கலங்கியது, எட்டும் கலங்கியது. ஏழு கலங்கவில்லை, அக்கா! இன்னும் குளிரவைத்தோம், அப்போதும் ஊற்றுத் தண்ணீர் மாதிரி நிற்கிறது. மெடம் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினார். சென்னையில் பங்குனியில் ஒரு கருத்தரங்கு நடக்கிறது, அதற்கு எழுதிப்போடு என்றார். லயத்துக் காம்பராவில் மண்ணெண்ணெய் விளக்கில் படித்தவள் அங்கே மேடையில் நின்று பேசப்போகிறாள்.

அத்தானிடம் சொல்லுங்கள்.

அன்புடன்
கிருஷாந்தி


றொசல்ல
20.12.2024

தங்கச்சி கிருஷாவுக்கு,

நாங்கள் சுகம். உன் சுகத்துக்கும் வேண்டிக்கொள்கிறேன். பதில் எழுதப் பிந்திவிட்டது. இங்கே விடாத மழை. பிள்ளைக் காம்பராவில் பாதிக் குழந்தைகளுக்குச் சளி, ஒன்றை இறக்கினால் ஒன்று தோளில் ஏறுகிறது.

அத்தான் உன் கடிதத்தைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் களத்தில் எல்லோருக்கும் காட்டிவிட்டார். வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கையாகூட வாசித்தாராம். நான் வேண்டாமென்றேன், கேட்டால்தானே.

நீ ஏழு என்று எழுதியிருக்கிறாயே, அது மூடியில் சின்னக் கீறல் விழுந்த போத்தலா? சும்மாதான் கேட்கிறேன். அது தெளிந்து நிற்பது எதனால் என்று உங்களுக்குத் தெரிந்துவிட்டதா? தெரியாமலே இருந்தால்தான் என்ன, நல்லது நடந்தால் நல்லதுதானே? கொஞ்சூண்டு தண்ணீர் உள்ளே போனால் அது அவ்வளவு பெரிய குற்றமா?

விறகு ஈரம், அடுப்புப் புகைகிறது. இத்தோடு முடிக்கிறேன்.

அக்கா
சண்முகவடிவு


வெள்ளவத்தை
05.01.2025

அன்புள்ள அக்காவுக்கு,

புதுவருஷத்தில் உங்களுக்கும் அத்தானுக்கும் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். குழந்தைகளின் சளி மாறியதா?

சென்னையிலிருந்து சரி என்று பதில் வந்துவிட்டது! நான் பேசப்போகும் தலைப்பு: "துளி நீரும் அற்ற நுண்குழம்பு: குளிரிலும் கலங்காத ஒரு கலவை." மெடம் வைத்த தலைப்பு. எனக்கு மனப்பாடமாகிவிட்டது.

நீங்கள் கேட்டதற்குப் பதில். எதனால் தெளிந்தது என்று தெரியாவிட்டால் அது ஆராய்ச்சி இல்லை, அதிர்ஷ்டம். தண்ணீர் போனால் குற்றமில்லைதான், ஆனால் போகவே இல்லை என்று சொல்லிவிட்டுப் போயிருந்தால் அது பொய். நான் மேடையில் நின்று சொல்லப்போவதே தண்ணீர் இல்லை என்பதைத்தான்.

இப்போது அதே கலவையைத் திரும்பச் செய்துகொண்டிருக்கிறேன். இதுவரை செய்தது கலங்குகிறது. எங்கோ கை பிசகுகிறது போல.

ஆமாம், ஏழாம் போத்தலின் மூடியில் கீறல் இருக்கிறது. அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்புடன்
கிருஷாந்தி


வெள்ளவத்தை
02.02.2025

அக்கா,

ஏன் பதில் இல்லை? உடம்புக்கு ஏதும் முடியவில்லையா? அத்தானுக்குப் போன் எடுத்தால் "அக்கா சுகமாத்தான் இருக்கு" என்கிறார், உங்களிடம் கொடுக்கச் சொன்னால் சிக்னல் இல்லை என்கிறார்.

எனக்கு இங்கே மனது சரியில்லை. புதிதாகச் செய்த எதுவும் தெளியவில்லை. எல்லாம் கலங்குகிறது. ஏழு மட்டும் குத்துக்கல் மாதிரித் தெளிந்து நிற்கிறது. ஒரு கலவை ஒரே ஒரு போத்தலில் மட்டும் எப்படி அக்கா தெளியும்? உள்ளே எவ்வளவு நீர் என்று அளக்கும் கருவி இருக்கிறது, அதற்கு ஊற்றும் இரசாயனம் இன்னும் கப்பலில் வருகிறது. யோசித்து யோசித்துப் பார்த்தேன். லேபல் ஒட்டியவள் நிலக்ஷி. அவளும் அதே மேசையில் வேறு கலவை செய்கிறாள். அவளுடைய போத்தலில் என் இலக்கம் ஏறியிருக்க வேண்டும். கேட்டேன். இல்லவே இல்லை என்கிறாள். எனக்குக் கோபம் வந்து மெடத்திடம் சொல்லிவிட்டேன். மெடம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். அன்றைக்கே பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள். தப்புச் செய்யாதவள் ஏன் போக வேண்டும்?

சென்னைக்கு இன்னும் ஒன்றரை மாதம்தான். உடனே எழுதுங்கள்.

கிருஷாந்தி


றொசல்ல
12.02.2025

கிருஷா,

இந்தத் தரம் சுகம் விசாரிக்க மாட்டேன். நேரே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் பேனா நின்றுவிடும்.

ஏழாம் போத்தலைத் திறந்தது நான்.

சனிக்கிழமை மரக்கறி வாங்க ஹட்டனுக்குப் போனேன். மார்க்கெட் வாசலில் நிலக்ஷியின் அம்மா ராசம்மாக்கா நின்றார். எப்போது கண்டாலும் கையைப் பிடித்துக்கொள்கிறவர், என்னைக் கண்டதும் முகத்தைத் திருப்பினார். நான் விடவில்லை.

"என்னங்கக்கா, என்னையக் கண்ணு தெரியலையா?"

"எனக்குக் கண்ணு நல்லாத்தாம்மா தெரியுது. ஒங்க தங்கச்சிக்குத்தான் தெரியல. எம்புள்ள போத்தல மாத்திப்புட்டாளாம். கை சுத்தமில்லாதவன்னு பேரெடுத்துக்கிட்டு வந்து, சோறு தண்ணி இல்லாமக் குந்திக்கிட்டு இருக்கா. ஒங்க வீட்டுல ஒக்காந்து சாப்புட்ட புள்ளதானே அவ?"

நான் பையைக் கீழே வைத்துவிட்டேன். "அவ மாத்தலக்கா. ஒங்க புள்ள மேல ஒரு தப்பும் இல்ல" என்று மட்டும் சொன்னேன். மரக்கறி வாங்காமலே பஸ் ஏறினேன்.

நீ ஹட்டனுக்குப் போயிருந்த அன்று கோவிலிலிருந்து தீர்த்தம் வாங்கி வந்தேன். புத்தகத்தில் தெளிப்போம், கத்தியில் தெளிப்போம். போத்தலின் வெளியே தெளித்தால் அது கண்ணாடிக்குத்தானே போகும், உன் படிப்புக்கு எப்படிப் போகும்? எல்லாவற்றையும் திறக்கப் பயம். விளக்குக்கு நேரே நின்ற ஒன்றை மட்டும் திறந்து, துளசி இலையின் நுனியால் ஒரு சொட்டு விட்டேன். மூடியை இறுக்கும்போது கத்தியால் தட்டினேன், கீறல் விழுந்தது. தண்ணீர் படக்கூடாது என்று நீ சொன்னது மறக்கவில்லை. தீர்த்தத்தை நான் தண்ணீர் என்று நினைக்கவில்லை, கிருஷா. சத்தியமாக நினைக்கவில்லை.

நீ சந்தோஷமாக எழுதியபோதுதான் அதுவும் தண்ணீர்தான் என்று உறைத்தது. சொன்னால் உன் மேடை போய்விடும் என்று வாயை மூடிக்கொண்டேன். உன் மேடைக்கு அந்தப் பிள்ளை ஏன் அடிபட வேண்டும்?

சண்முகவடிவு


வெள்ளவத்தை
20.02.2025

அக்காவுக்கு,

முதல் கடிதத்திலேயே கேட்டேன். "நாங்கள் என்ன பைத்தியமா" என்று என்னையே திருப்பிக் கேட்டீர்கள்.

தீர்த்தத்தில் என்னென்ன போட்டிருந்தது? எவ்வளவு விழுந்தது? எழுதுங்கள்.

கிருஷாந்தி


றொசல்ல
27.02.2025

கிருஷா,

நீ கோபப்பட உனக்கு உரிமை இருக்கிறது. படு. அதற்காக நான் ஒப்பாரி வைத்து எழுதப்போவதில்லை. சாமியிடம் உனக்காகக் கேட்டதற்கு நான் வெட்கப்படவில்லை. வாயை மூடிக்கொண்டு இருந்ததற்குத்தான் வெட்கப்படுகிறேன்.

பூசாரியிடம் போய்க் கேட்டேன். கிணற்றுத் தண்ணீர், துளசி, ஏலக்காய், ஒரு கிள்ளுப் பச்சைக் கற்பூரம். "எதுக்கும்மா, வயித்துவலியா?" என்று கேட்டார். ஒரு சொட்டுதான் விழுந்தது. இரண்டாவது சொட்டு என் கையில் விழுந்தது, அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன்.

மெடத்திடம் பிறகு போகலாம், சென்னைக்கும் பிறகு எழுதலாம். முதலில் நிலக்ஷியிடம் போ. போனில் மன்னிப்புக் கேட்காதே, நேரில் போய்க் கேள். அவள் அம்மா திட்டினால் வாங்கிக்கொள்.

அக்கா


வெள்ளவத்தை
30.03.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சுகமா? அத்தான் சுகமா? எனக்கு இங்கே வெயில் தாங்கவில்லை, மற்றபடி சுகம்.

நீங்கள் சொன்ன மாதிரி ஹட்டனுக்குப் போனேன். ரயில் றொசல்லயில் நின்றது. நம் லயத்துக் கூரை தெரிந்தது. கோபம் என்னை இறங்க விடவில்லை. இதை இப்போதாவது சொல்லிவிட வேண்டும்.

நிலக்ஷியின் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி வைத்துப் பேசினார். பேசி முடித்துத் தேத்தண்ணியும் தந்தார். நிலக்ஷியிடம் மன்னிப்புக் கேட்டேன். "நான் யோசிச்சுச் சொல்றேன்" என்றாள், அவ்வளவுதான். நான் தனியாகவே திரும்பினேன். மெடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். பிறகு நானே சென்னைக்கு எழுதி என் பெயரை எடுத்துவிட்டேன். "அனுப்புக" என்ற பொத்தானை அழுத்திவிட்டு அழுதேன். அதை மறைக்கப் போவதில்லை.

போன கிழமை நிலக்ஷி வந்தாள். என் மேசைப் பக்கம் திரும்பவில்லை. நேராகப் போய் கலங்கிக் கிடந்த ஆறாம் போத்தலை எடுத்தாள். "ஒங்க அக்கா எத்தன சொட்டு விட்டாங்க?" என்றாள். ஒன்று என்றேன். காய்ச்சி வடித்த தண்ணீரில் ஒரு சொட்டை ஊசியால் விட்டாள். இரண்டு பேரும் குளிர்ப்பெட்டியின் கண்ணாடிக்கு முன்னால் முட்டுக்கு முட்டு உட்கார்ந்திருந்தோம். குளிரை மெல்ல மெல்லக் கூட்டினோம். கலங்கவில்லை, அக்கா. துளசியும் இல்லை, கற்பூரமும் இல்லை, ஆனாலும் கலங்கவில்லை. கொஞ்சம் நீர் உள்ளே போனால், துளிகளைச் சுற்றி நிற்கிற சவர்க்காரம் அவற்றை இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்கிறது. கூடிப்போனால் கெட்டுவிடுகிறது. நான் எதை வெளியே நிறுத்திக் கதவடைத்தேனோ, அதுவே ஒரு சொட்டுத் தேவைப்பட்டிருக்கிறது.

பெரிய கண்டுபிடிப்பென்று நினைத்துவிடாதீர்கள். மெடம் தேடிப் பார்த்தார். இப்படி நடக்கும் என்று வெளிநாட்டில் பல வருஷங்களுக்கு முன்பே எழுதிவிட்டார்களாம். என் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயமாகப் போடலாம், அவ்வளவுதான்.

நிலக்ஷி அதைப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஊத்தலாமான்னு ஒங்க அக்காட்டக் கேளு" என்றாள். அவள் சிரித்து எத்தனை நாள் ஆயிற்று. இன்னும் பழைய மாதிரி இல்லை. ஆனால் பக்கத்து நாற்காலியில் உட்காருகிறாள்.

வருஷப்பிறப்புக்கு வருகிறேன். இந்தத் தரம் றொசல்லயில் இறங்குவேன்.

அன்புத் தங்கை
கிருஷாந்தி


றொசல்ல
24.09.2025

என் செல்லத் தங்கச்சிக்கு,

நாங்கள் இருவரும் சுகம். முழங்காலும் சுகம், நீ வாங்கித் தந்த தைலம் வேலை செய்கிறது. நிலக்ஷியையும் கேட்டதாகச் சொல்.

நீ இறங்காமல் போன அன்று ஸ்டேஷனில் அத்தான் நின்றிருக்கிறார். சன்னலில் உன்னைப் பார்த்திருக்கிறார். என்னிடம் சொல்லவே இல்லை. நேற்றுத்தான் வாய் தவறி உளறினார். நல்ல மனுஷன், இல்லையா?

நீ அனுப்பிய ஆய்வேட்டுப் பக்கம் அன்ஸார் நானாவின் கடைக்கு வந்து சேர்ந்தது. முழுக்க இங்கிலீஷ். நானாவின் மகள் மின்ஹாவைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவள் கடை மேசையில் சாய்ந்து நின்றுகொண்டு தமிழாக்கிச் சொன்னாள். எந்தக் கலவை, எவ்வளவு எண்ணெய், எவ்வளவு அயன் திரவம் என்றெல்லாம் போனது. நான் பாதியில் கடலைப் பருப்பு விலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்போது அவள், "ஏழாம் போத்தலில் நீர் சேர்த்தவர், சண்முகவடிவு, றொசல்ல" என்று வாசித்தாள்.

"என்ன வாசிக்கிற நீ?" என்றேன். விரலை வைத்துக் காட்டினாள். என் பெயர் அச்சில் இருக்கிறது.

எனக்கு ஒரேயடியாகக் கோபம் வந்துவிட்டது, கிருஷா. ஊர் உலகம் படிக்கிற புத்தகத்தில் தப்புச் செய்தவள் பெயரையா போடுவார்கள்? "கெடுத்தவ இவதான்னு எழுதிப்புட்டாளே" என்று கடையில் நின்றே சத்தம் போட்டேன். மின்ஹா பயந்துபோய்ப் பக்கத்தை மறுபடி மேலிருந்து கீழ்வரைக்கும் விரல் வைத்துப் படித்தாள். பிறகு நிமிர்ந்து, "இல்லையே மாமி. கெடுத்தாங்கன்னோ தப்புன்னோ இதுல ஓரிடத்திலயும் இல்ல. சேர்த்தாங்கன்னுதான் இருக்கு" என்றாள்.

பருப்பை வாங்க மறந்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அத்தான் தாளைக் கண்ணாடி போட்டு மாட்டிவைக்கலாமா என்கிறார். வேண்டாம், மழை ஈரத்தில் கெட்டுப்போகும். துணிப்பெட்டியில் வைத்திருக்கிறேன்.

அடுத்த கிழமை சரஸ்வதி பூஜை. போத்தல் கொண்டுவந்தால் கொண்டுவா. மூடியை நான் தொட மாட்டேன். நீயே திற.

உன் அக்கா
சண்முகவடிவு